எதிர்காலத் தொடர்வினை (ஆங்கிலம்)

வருங்காலத்தின் ஒரு குறித்த நேரத்தில் நடந்துகொண்டே இருக்கப்போகும் செயலைக் காட்டும் ஆங்கில வினைவடிவம். ‘வில் பி’ என்பதை அடுத்து ‘இங்’ ஈறு பெற்ற வினை வரும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு அன்று மாலை கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். அதை முன்கூட்டிச் சொல்லும் ஒருவர், “நாளை சாயங்காலம் ஜனங்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்” என்பார். ஆங்கிலத்தில் இது ‘பீப்பிள் வில் பி வெயிட்டிங்’. காத்திருப்பு அந்நேரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை என்பதே இவ்வடிவத்தின் உயிர். ‘வில் வெயிட்’ என்றால் காத்திருக்கப்போகும் செய்தி மட்டுமே கிடைக்கும். செயலின் நடுவில் நம்மை நிறுத்தாது.

தமிழில் ‘கொண்டிரு’ என்னும் துணைவினையோடு எதிர்கால இடைநிலை சேர்ந்து இதே வேலையைச் செய்கிறது. வியப்பான ஒற்றுமை ஒன்றும் உண்டு. மதுரையிலிருந்து கிளம்பிய அண்ணனைப் பற்றி, “இப்போது ராஜபாளையம் தாண்டி வந்துகொண்டிருப்பான்” என்கிறோம். இது எதிர்காலம் அன்று, நிகழ்காலத்தைப் பற்றிய ஊகம். ஆங்கில வடிவமும் அப்படியே ஊகத்துக்கு வரும். பாடநூல்கள் பல இதைச் சொல்லாமல் விடுவது பெருங்குறை.

‘நோ’ (அறி), ‘பிலீவ்’ (நம்பு) போன்ற நிலைவினைகள் இவ்வடிவத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வாய்பாட்டை மனப்பாடம் செய்யவைக்கும் ஆசிரியர்கள், மாணவரின் ஊர்த் திருவிழாவையும் பேருந்துப் பயணத்தையும் வைத்தே இவ்வடிவத்தைக் கற்பிக்கத் தொடங்க வேண்டும்.