எயினர் குமரியும் நிலவின் சிறுமியும்

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் தாம்பரம் ரயில் நிலையத்திலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் தெற்கு நோக்கிச் செல்லும் செவ்வாடைப் பெண்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். இருமுடி சுமந்து மேல்மருவத்தூர் செல்பவர்கள். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பம்மலிலும் அன்றாடம் நாம் காணும் பெண்கள்தாம். ஆனால் சிவப்புப் புடவையைக் கட்டியதும் ஒருவரையொருவர் 'சக்தி' என்றே அழைத்துக்கொள்கிறார்கள்; பிற ஆலயங்கள் அனுமதிக்காத கருவறைக்குள் சென்று தம் கையால் வழிபடுகிறார்கள். அருள்வாக்குச் சொல்லி அந்தப் பீடத்தை வளர்த்த பங்காரு அடிகளார் 2023இல் மறைந்தார். ஆணாகிய அவரையும் பக்தர்கள் 'அம்மா' என்றே விளித்தனர். ஆடை மாறப் பெயர் மாறுகிறது. விரதம் முடிந்ததும் மறுபடி பழைய பெயர், பழைய அலுவலகம்.

இதே வீடுகளின் பிள்ளைகள் இதற்கு மிக நெருங்கிய ஒன்றை வேறோர் இடத்திலிருந்து பெற்றார்கள். கேபிள் தொலைக்காட்சி வழியாகவும், 2004இல் இந்தியாவுக்கு வந்த அனிமாக்ஸ் அலைவரிசைக்குப் பின் இன்னும் பரவலாகவும் அறிமுகமான ஜப்பானிய அனிமேயில் 'மாயச் சிறுமி' என்றொரு வகை உண்டு. பள்ளி செல்லும் சாதாரணப் பெண் ஒரு பதக்கத்தையோ கோலையோ உயர்த்தி மந்திரச் சொல்லைச் சொல்கிறாள். தலை முதல் கால் வரை ஒவ்வோர் அணியாக வந்து சேர்கிறது. வேறு பெயர் பெறுகிறாள். தீயதை வென்றபின் வீட்டுப்பாடம் எழுதப் போகிறாள்.

இவ்வகையின் தோற்றத்தைத் தேடிச் சென்றால் முதலில் தட்டுப்படுவது பூசாரிச்சி அல்லள், அமெரிக்கத் தொலைக்காட்சி. 1966இல் வந்த 'மந்திரக்காரி சாலி', 'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் தூண்டுதலால் உருவானது. எங்கும் தொன்மத்தைக் காணும் ஆய்வாளர்கள் இங்கே சற்று நிதானிக்கலாம். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1969இல், 'அக்கோ சான்' தொடர் வந்தபோது மண்ணின் வாசனை ஏறிவிட்டது. உடைந்துபோன தன் கண்ணாடியைக் குப்பையில் எறிய மனமின்றிப் புதைக்கிறாள் ஒரு சிறுமி. அந்த மரியாதைக்கு மகிழ்ந்த கண்ணாடியின் ஆவி அவளுக்கு மாயக் கைக்கண்ணாடியொன்றைத் தருகிறது.

கண்ணாடி ஜப்பானில் சாதாரணப் பொருளன்று. குகைக்குள் ஒளிந்த சூரியதேவி அமத்தெராசுவை வெளியே கொணர அருள்வந்து ஆடினாள் உசுமே. வெளியே எட்டிப் பார்த்த தேவிக்குக் காட்டப்பட்டது கண்ணாடி. 712ஆம் ஆண்டின் 'கோஜிகி' சொல்லும் கதை இது. அதற்கும் முன், மூன்றாம் நூற்றாண்டில் ஜப்பானிய நாடுகளை ஆண்ட ஹிமிகோ என்ற அரசியைச் சீன வரலாற்று நூலொன்று விவரிக்கிறது. மணம் புரியாதவள், ஆவிகளோடு உறவாடும் ஆற்றலால் மக்களைக் கட்டியாண்டவள், சீனப் பேரரசன் அவளுக்கு அனுப்பிய பரிசுகளில் நூறு வெண்கலக் கண்ணாடிகள் இருந்தன. அவள் இறந்தபின் ஓர் ஆணை அரசனாக்கினார்கள். நாடு பணியவில்லை, ஆயிரம் பேருக்கு மேல் மடிந்தனர். பின்னர் அவளுடைய உறவினளான பதின்மூன்று வயதுச் சிறுமியை அரியணையில் அமர்த்தியதும் அமைதி திரும்பிற்று என்கிறது அந்நூல். மாயச் சிறுமிகளின் வயதும் பெரும்பாலும் இதுவே.

தெய்வமேறி வாக்குச் சொல்லும் இப்பெண்களை 'மிகோ' என்றனர். 1873இல் மெய்ஜி அரசு அவர்கள் வாக்குச் சொல்வதைத் தடைசெய்தது. நவீன தேசத்துக்கு அது அவமானமாகப் பட்டது. இன்று ஜப்பானியக் கோயில்களில் வெண்மேலாடையும் செந்நிறக் கீழாடையுமாக நிற்கும் இளம்பெண்கள் மிகோ என்றே அழைக்கப்பட்டாலும் பெரும்பாலும் கோயில் உதவியாளர்களே. நவோகோ தகெயுச்சி 1991இல் தொடங்கிய 'சைலர் மூன்' சித்திரக்கதையில், தீயின் முன் அமர்ந்து வருவதுணரும் ரெய் என்ற பெண் அப்படியொரு மிகோ. கோயிலிலிருந்து அரசு வெளியேற்றியதைச் சித்திரக்கதை உள்ளே அழைத்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

(செந்நிற ஆடையைக் கண்டதும் சுசுமு ஓனோவின் தமிழ்-ஜப்பானிய உறவுக் கோட்பாடு சிலருக்கு நினைவு வரலாம். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் அந்த வழியில் செல்லவில்லை.)

நம் பக்கம் வருவோம். அணி அணியாக ஒரு சிறுமி தெய்வமாகும் காட்சி தமிழில் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் இருக்கிறது. பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகியிருக்க எயினர் மன்றம் பாழ்பட்டுக் கிடக்கிறது. சாலினி தெய்வமேறி ஆடி, கொற்றவைக்குரிய கடனைச் செலுத்தாவிட்டால் வெற்றி இல்லை என எச்சரிக்கிறாள். உடனே குலத்தின் இளங்குமரி ஒருத்தியை முன்னே கொணர்கிறார்கள். கூந்தலைச் சடையாக்கிச் சிறு வெள்ளிப் பாம்பால் கட்டுகிறார்கள். தோட்டத்தை அழித்த பன்றியின் வளைந்த கொம்பைப் பறித்துப் பிறையாகச் சூட்டுகிறார்கள். புலிப்பல் தாலி, வரியும் புள்ளியுமான தோல் மேகலை, கையில் வில், ஏறி அமர முறுக்குக் கொம்புக் கலைமான். அவள் இப்போது கொற்றவை.

அவளுக்கு எயினப் பெண்கள் கொண்டுவந்து தரும் காணிக்கைகளை நான் மறுபடி மறுபடி வாசித்திருக்கிறேன். பாவை, கிளி, கானக்கோழி, மயில், பந்து, கழங்கு. பலிகேட்கும் தெய்வத்தின் முன் ஒரு சிறுமியின் விளையாட்டுச் சாமான்கள்! பின்னே வண்ணக் குழம்பும் அவரையும் துவரையும் வருகின்றன, ஆனால் முதலில் பொம்மை. 'சைலர் மூன்' கோல்களைப் பொம்மையாக விற்ற பண்டாய் நிறுவனத்தைப் பழிப்பவர்கள் இவ்வரிசையைப் பார்க்க வேண்டும்.

அங்கேயே, களைத்து ஒதுங்கியிருந்த கண்ணகியைச் சுட்டித் தெய்வமுற்றவள் புகழ்கிறாள்: கொங்கின் செல்வி, குடமலைக்கு உரியவள், தென்தமிழின் பாவை. கண்ணகியோ, ஏதோ மயக்கத்தில் சொல்கிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின்னே ஒடுங்கிப் புன்னகைக்கிறாள். மதுரை எரிவதற்குச் சில நாட்கள் முன்பு.

நம் அம்மன் படங்கள் இந்த வழியில் வரவில்லை. கோடி ராமகிருஷ்ணாவின் தெலுங்குப் படமான 'அம்மோரு' (1995) 'அம்மன்' என்ற பெயரில் தமிழில் வந்தபோது, தெய்வமே சிறுமியாக உருக்கொண்டு பக்தையின் வீட்டில் தங்கிக் காத்தது. தெய்வம் சிறுமி வேடம் போடுகிறது, சிறுமி தெய்வமாவதில்லை. காக்கப்படும் பெண் முதல் காட்சியில் இருந்தபடியே கடைசியிலும் கைகூப்பி நிற்கிறாள். இளங்கோவுக்கு நெருக்கமானவை ஜப்பானியத் தொடர்கள்தாம் என்று சொன்னால் கோபிப்பவர்கள் இருக்கலாம்.

ஆனால் அந்தச் சிறுமி கொடுக்கும் விலை? 2011இல் வந்த 'மடோகா மாகிகா' தொடர் இதை வெளிப்படையாகவே கேட்டது. வரம் பெற்ற சிறுமிகள் தாம் எதிர்த்துப் போரிட்ட சூனியக்காரிகளாகவே மாறிப்போகிறார்கள். அவர்களை மீட்க மடோகா உலகின் நியதியாகவே ஆகிவிடுகிறாள். அவள் பிறந்ததே இல்லை என்பதுபோல் உலகம் அவளை மறக்கிறது. வேட்டுவ வரியின் குமரிக்கோ பெயரே இல்லை. பாட்டு முடிந்தபின் பன்றிக்கொம்பை யார் கழற்றினார்கள் என்ற குறிப்பும் இல்லை.

வஞ்சிக் காண்டத்தின் வரந்தரு காதையில் இன்னும் மூன்று சிறுமிகள் வருகிறார்கள். தேவந்தி மேல் சாத்தன் ஏறிப் பணிக்க, மாடலன் தன் கரகத்து நீரை அவர்கள் மேல் தெளிக்கிறான். முற்பிறவி நினைவு திரும்புகிறது. அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்கள் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும், சேடக்குடும்பியின் மகள் மாதரியாகவும், செங்குட்டுவன் முன்னிலையில் பழைய துயரத்தைச் சொல்லி அழுகிறார்கள். நிலவின் அரசகுமாரியாக வாழ்ந்த முற்பிறவி உசாகி என்ற பள்ளிச்சிறுமிக்கு நினைவு வருவதும் இவ்வாறே. அன்றிரவு வீடு திரும்பிய இரட்டையர் தம் இப்பிறவித் தாயின் முகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று இளங்கோ சொல்லவில்லை. 1992 முதல் 1997 வரை, 200 அத்தியாயங்களில், 'சைலர் மூன்' பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இரவைப் பற்றித்தான்.