ஃபோரிண்டைச் சாய்த்த பேச்சு

2010 ஏப்ரல் தேர்தலில் ஹங்கேரியின் ஃபிடெஸ் கட்சி அமோகமாக வென்றது. புதிய ஆட்சியாளர்கள் பழைய ஆட்சியின் மீது பழிபோடுவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் கிரீஸின் கடன் நெருக்கடியால் ஐரோப்பாவே நடுங்கிய நேரம் அது.

ஜூன் 3 அன்று கட்சியின் துணைத் தலைவர் லாயோஷ் கோஷா, கிரீஸின் கதியிலிருந்து தப்ப ஹங்கேரிக்கு வாய்ப்பு குறைவு என்றார். மறுநாள் பிரதமரின் செய்தித் தொடர்பாளர், நாடு கடனைத் திருப்பித் தராமல் போகலாம் என்ற பேச்சு மிகையல்ல என்றார்.

ஹங்கேரியின் நாணயமான ஃபோரிண்ட் சரிந்தது. யூரோவும் 2006க்குப் பிறகு முதல் முறையாக 1.20 டாலருக்குக் கீழே இறங்கியது.

ஸ்விஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த ஹங்கேரியக் குடும்பங்கள் ஏராளம். ஃபோரிண்ட் இறங்கினால் அவர்களுடைய மாதத் தவணை ஏறும். எதிர்க்கட்சி மேடைப் பேச்சை அரசு நாற்காலியில் அமர்ந்து பேசியதற்கு அந்தக் குடும்பங்களா விலை கொடுப்பது?

ஜூன் 5 அன்று மூத்த அரசு நிர்வாகி மிஹாய் வார்கா, கிரீஸோடு ஒப்பிட்டதே தவறு என்று விளக்கமளித்தார்; 3.8 சதவீத பட்ஜெட் பற்றாக்குறை இலக்கை எட்ட முடியும் என்றும் உறுதி கூறினார்.