ஓராண்டுச் சான்றிதழும் ஆயிரம் ஆண்டு ஏணியும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுவரொட்டிகள் முளைத்துவிடும். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போகும் வழியிலும் அவைதான். ஓராண்டில் மருத்துவ உதவியாளர் ஆகலாம், நர்சிங் அசிஸ்டண்ட் ஆகலாம், வேலை உறுதி. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பார். இந்தப் படிப்பில் சேர்பவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நம் தங்கைகள்தான். வீட்டில் முதல் முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். அப்பா கூலி வேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ போகிறவர். நான்கு ஆண்டுப் படிப்புக்கு வீடு தாங்காது.

சேரலாமா, வேண்டாமா என்று அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது. இந்தப் படிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் என்ன கேட்க வேண்டும், எதற்காகப் போராட வேண்டும் என்பது தெளிவாகும்.

கல்வெட்டில் இருக்கும் சம்பளப் பட்டியல்

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையில் படிப்போருக்கும் கோயில் ஊழியர்களுக்கும் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததை அது சொல்கிறது. அங்கே யார் வேலை செய்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். நோயாளிகளைக் கவனித்த பணிப்பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும். அதாவது தலைக்கு 15 கலம், அரைக் காசு.

மருத்துவர் ஒரு பட்டர். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. இரவெல்லாம் நோயாளி அருகில் இருந்த அந்த இரு பெண்களையும் நாம் வேலையின் பெயரால் மட்டுமே அறிகிறோம். மருத்துவருக்கும் உதவிப் பணியாளருக்கும் நெல்லில் மட்டும் ஆறு மடங்கு வேறுபாடு.

ஸ்ரீரங்கத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. அரங்கநாதர் கோயிலில் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, படையெடுப்பில் அழிந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மரபில் வந்தவர் மீண்டும் எழுப்பியதைக் கூறுகிறது. தன்வந்திரி சன்னதி இன்றும் அங்கே இருக்கிறது. பழந்தமிழரின் மருத்துவ அறிவுக்குச் சான்று என்று இதைப் பலர் பெருமையோடு எழுதுவார்கள். பெருமைப்படட்டும். ஆனால் ஏழு மதில்களுக்கு வெளியே சேரியில் கிடந்த நோயாளி எங்கே போனார் என்று கேட்பது நம் வேலை. கோயில் வாசலையே மிதிக்க முடியாதவருக்குக் கோயிலுக்குள் இருந்த ஆரோக்கியசாலையால் என்ன பயன்?

சேரிக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. பிரசவம் பார்த்ததும், தொப்புள்கொடி அறுத்ததும், பிள்ளை பெற்றவளின் துணியை அலசியதும் நாவிதர் சமூகப் பெண்களும் பல ஊர்களில் தலித் பெண்களும்தான். ஊரில் பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கை அது. பிரசவம் முடிந்ததும் அந்தக் கையைத் தீட்டு என்றார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம். நம்மிடம் மருத்துவ அறிவு இருந்தது. பட்டமும் கூலியும் மரியாதையும்தான் மறுக்கப்பட்டன.

வெள்ளையர் ஏற்படுத்திய அடுக்கு

1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது அதுதான். மேல்நிலை மருத்துவர்களை உருவாக்குவது அதன் முதல் நோக்கம் அல்ல. வெள்ளை மருத்துவருக்குக் கீழே வேலை பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஐரோப்பிய, யூரேசிய இளைஞர்கள் ஒரு படியில், உள்ளூர் மாணவர்கள் அதற்கும் கீழ்ப்படியில் என்று பயிற்சி தரப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு மருத்துவ உதவியாளர் பள்ளி.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரியும் சாதியைக் கழற்றி வாசலில் வைக்கவில்லை. 1885-இல் சென்னையில் பெண்களுக்காகத் திறக்கப்பட்ட மருத்துவமனையின் பெயரே விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை. திருவல்லிக்கேணியில் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயர் மக்கள் நாவில் இன்றும் நிற்கிறது. பெயரில் இருந்த 'சாதி' மட்டும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது.

நர்ஸ் வேலையைச் சாதி இந்துக் குடும்பங்கள் அசுத்தம் என்று ஒதுக்கின. இரத்தம், மலம், அந்நிய ஆணின் உடல் இவற்றைத் தொட வேண்டுமே! அந்த இடத்துக்கு ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும் வந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1903-இல் கம்பவுண்டர் பயிற்சியையும், 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உதவியாளர், பிறகு செவிலியர், பிறகு மருத்துவர். ஒரு நிறுவனம் இப்படிப் படிப்படியாக வளரலாம். அதில் கம்பவுண்டராகச் சேர்ந்தவரும் அப்படி வளர முடிந்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஏணி போட்ட காலமும் உண்டு

அடியில் இருப்பவர் மேலே போகச் சட்டத்தில் வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம். பதிவு பெற்றவர் மட்டுமே மருந்தாளுநர் என்று அந்தச் சட்டம் சொன்னது. அப்படியானால் அதுவரை ஆஸ்பத்திரிகளில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர்கள் என்ன ஆவது? முதல் பதிவேட்டைத் தயாரிக்கும்போது, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்த வேலை செய்தவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்தது. அனுபவத்தைத் தகுதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது எல்.எம்.பி. மருத்துவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் மருத்துவப் பள்ளியில் படித்துத் தொழில் செய்தவர்கள். 1946-இல் போர் குழு அறிக்கை வந்தபோது நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அதில் ஏறக்குறைய 30,000 பேர் இந்த வகையினர். இனி எம்.பி.பி.எஸ். என்ற ஒரே படிப்பு போதும் என்றது குழு. குழுவுக்குள்ளேயே சிலர் இதை ஏற்கவில்லை. கடைசியில் எல்.எம்.பி. படிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் ஏற்கனவே படித்தவர்களை அப்படியே தள்ளிவிடவில்லை. சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். பட்டம் பெற அவர்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது.

எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், இந்த இரண்டு ஏணியிலும் ஏறியவர்களில் சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? இருந்தாலும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. அரசு நினைத்தால் ஏணி போட முடியும். போட்டிருக்கிறது.

சமுதாயக் கல்லூரி வந்தது

அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய ஜூனியர் கல்லூரியிலிருந்து சமுதாயக் கல்லூரி என்ற வடிவம் வளர்ந்தது. அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வழி உண்டு. குறைந்த செலவு, பக்கத்து ஊர், மேலே போக வாசல் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது சமுதாயக் கல்லூரி.

நம் பக்கத்தில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை மறைமாவட்டமும் இதைத் தொடங்கின. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தெடுத்தார். பள்ளியை விட்டு நின்றவர்கள், பிளஸ் டூவில் தவறியவர்கள், குடிசைப்பகுதிப் பெண்கள் என்று கல்லூரி வாசலையே பார்க்காதவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிக் களப்பயிற்சி என்று பாடம் பிரிக்கப்பட்டது. மருத்துவ உதவிப் பணி அதில் முக்கியமான படிப்பு. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பு வழங்கியது. 2009-இல் இக்னோ ஒரு திட்டம் கொண்டுவந்து சில ஆண்டுகளிலேயே நிறுத்தியது. அடுத்து யு.ஜி.சி. தன் திட்டத்தோடு வந்தது.

இந்த முயற்சியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. பத்தாம் வகுப்போடு திருமணம் என்றிருந்த எத்தனையோ பெண்கள் இதனால் சொந்தச் சம்பளம் பார்த்தார்கள். அதே நேரத்தில் திருச்சிக்காரர்கள் இன்னொன்றையும் மறக்க முடியாது. மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து இதே ஊரில்தான் நம் இயக்கங்கள் போராடின. ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கல்லூரி திறந்த அதே திருச்சபைக்குள் பிணத்தையும் ஒதுக்கும் சுவர் இருந்தது. வாசல் திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து உள்ளே சமத்துவம் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

சான்றிதழ் எங்கே நிற்கிறது

இந்த ஓராண்டுச் சான்றிதழோடு புத்தூர் அரசு மருத்துவமனையில் செவிலியர் ஆக முடியாது. செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் போன்ற படிப்புகள் வேண்டும். ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. உதவியாளர் படிப்பில் கழித்த ஓராண்டை அதில் கழித்துக்கொள்ள மாட்டார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர் இன்னும் இரண்டு ஆண்டு படித்துப் பட்டதாரி ஆகலாம், அங்கே ஏணி இருக்கிறது. உதவியாளருக்கு அது இல்லை.

2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் பணியாளர்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. செவிலியர் அல்லாத லேப், எக்ஸ்ரே, அறுவை அரங்கம் போன்ற பணிகளுக்கானது. குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் படித்திருந்தால்தான் துணை மருத்துவத் தொழிலர் என்று அது வரையறுக்கிறது. தரம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. போலிப் பயிற்சியால் முதலில் சாவது ஏழை நோயாளிதான். ஆனால் இந்த வரையறைக்குள் ஓராண்டுச் சான்றிதழ் அடங்காது. அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இதனால் லாபம் தனியார் மருத்துவமனைக்கு. பதிவு இல்லாத பெண்ணிடம் செவிலியர் வேலையை வாங்கிக்கொண்டு ஆயா சம்பளம் கொடுக்கலாம். ஊசி போட்டது தவறானால் 'அவர் நர்ஸே இல்லை' என்று கைகழுவலாம். தில்லைநகர்ப் பக்கம் வேலை பார்க்கும் தோழிகள் எங்களிடம் சொல்லும் கதைகள் இவைதான். அந்த மருத்துவமனைகளின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு மருத்துவமனையோடு முடிகிற கதை இல்லை இது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மாணவத் தோழர்களே, நீங்கள் உங்கள் தெருவில் இருக்கும் தங்கைகளிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சான்றிதழில் கையெழுத்திடுவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த வாரியம் என்று கேட்கச் சொல்லுங்கள். பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஏற்பு பெற்ற படிப்புக்குத்தான் அது கிடைக்கும் என்பதால், இந்த ஒரு கேள்வியிலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். களப்பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் இலவச வேலை வாங்கும் இடங்கள் உண்டு. ஏ.என்.எம். சேர முடிகிற மதிப்பெண் இருந்தால் அரசுப் பள்ளிகளில் முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: மருத்துவமனைகளிலும் நர்சிங் ஹோம்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பதிவு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அதற்குக் கீழே சம்பளம் கொடுக்க முடியாது.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. இதுவரை ஓராண்டுச் சான்றிதழ் பெற்று வேலை செய்பவர்களின் அனுபவத்தை 1948-இல் கம்பவுண்டர்களுக்குச் செய்ததுபோல் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் படித்த மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை வேலை பார்த்தபடியே முடிக்க இணைப்புப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில், இடஒதுக்கீட்டோடும் உதவித்தொகையோடும் நடக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டம் குழுமூரிலிருந்து அனிதா 1,176 மதிப்பெண்ணோடு மருத்துவர் ஆக வந்தார். 2017-இல் அவரை இழந்தோம். அந்த வாசலுக்கான போராட்டம் நடந்துகொண்டே இருக்கிறது, நடக்கவும் வேண்டும். அந்த வாசலுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாமல் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கான போராட்டத்தையும் அதோடு சேர்த்தே நடத்துவோம். திருமுக்கூடலில் தலைக்கு 15 கலம் வாங்கிய அந்தப் பெண்கள் மேலே ஏறக் கேட்டிருந்தால், யாரிடம் கேட்பது என்று ஓர் இடம் இருந்திருக்காது. இன்று கேட்க அரசியல் சட்டம் இருக்கிறது, சட்டமன்றம் இருக்கிறது, நாம் இருக்கிறோம்.