எண்முறை நுண்ணலை ஞாபகம்

எதிரியின் ரேடார் வீசும் நுண்ணலைத் துடிப்பைக் கவர்ந்து, எண்களாக்கிச் சேமித்து, வேண்டிய கணத்தில் அலைக்கட்டம் பிசகாமல் மறுபடியும் அலையாக்கி அனுப்பி, இல்லாத விமானத்தை இருப்பதாகக் காட்டும் சாதனம் இப்பெயர் பெறும். மின்னணுப் போர்த்துறையினர் இதனை டி.ஆர்.எஃப்.எம். என்றே வழங்குவர்.

ரேடாரை வஞ்சிக்கும் கலை ரேடாருக்கு உடன்பிறப்பு. 1942-இல் பிரிட்டிஷார் டெஃபையண்ட் விமானங்களில் பொருத்திய 'மூன்ஷைன்' கருவி, ஜெர்மானியரின் ஃப்ரேயா ரேடார்த் துடிப்பை வாங்கிப் பெருக்கித் திருப்பியனுப்பி, சிறு கூட்டத்தைப் பெரும்படையாகத் தோற்றுவித்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரின்மீது குண்டு வீசச் சென்றவர்களோ, வுர்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியாகிய 27 சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிய, அலுமினியத் தகடு ஒட்டிய காகித நாடாக்களைக் கட்டுக்கட்டாக வானில் தூவினர். காகிதத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, மூன்ஷைனுக்குந்தான்.

அலையைச் சிறிது நேரமேனும் பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆசையில், பெருக்கிக் குழாயையும் தாமதக் கம்பியையும் வளையமாக இணைத்து, துடிப்பை அதனுள் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். சுற்றுக்குச் சுற்று இரைச்சல் பெருகி, சில நுண்நொடிகளில் மூலத்தின் சாயல் மங்கிவிடும். துடிப்புக்குத் துடிப்பு அலைக்கட்டத்தை ஒப்பிட்டு இலக்கின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடார்கள் பரவியபின், இத்தகைய மங்கலான நகலுக்கு மதிப்பின்றிப் போயிற்று.

1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷெல்டன் ஸ்பெக்டர் என்பவர் 'எலக்ட்ரானிக் வார்ஃபேர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே வளையத்துக்கு மாற்றாக வந்த எண்முறை ஞாபகத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பாகக் கருதப்படுகிறது. வளையமில்லாத ஞாபக வளையம் என்று பொருள்படும் குறும்பான தலைப்பை அதற்கு அவர் சூட்டியிருந்தார்.

இதன் சூட்சுமம் உள்ளிருக்கும் அலையாக்கியில் அடங்கியது. வந்த நுண்ணலையை அந்த அலையாக்கியோடு கலந்து தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, மாதிரிகளாக அளந்து, எண்களாக நினைவகத்தில் இட்டு, திருப்பும்போது அதே அலையாக்கியைக் கொண்டே மேலேற்றுவதால், போனதும் வந்ததும் ஒரே கட்டத்தில் நிற்கின்றன. ஒரு நுண்நொடி தாமதித்தால் பொய்யுரு 150 மீட்டர் விலகும். அதிர்வெண்ணைச் சிறிதே நகர்த்தினால் பொய்யான வேகமும் கிடைக்கும். ஆனால் 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையைப் பிடிக்க நொடிக்குக் குறைந்தது 100 கோடி மாதிரிகள் வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் ஒரே பிட்டில், அதாவது நேர், எதிர் என்ற குறியளவில் மட்டும் பதித்தால், நகலோடு உபரி அலைகளும் கிளம்பித் திருட்டைக் காட்டிக்கொடுக்கும்; கூட்டும் ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபெல் அளவுக்கு நகல் தெளியும். ஆதலின் இதன் வளர்ச்சி, போர்த்தந்திரிகளைவிடச் சிலிக்கன் சில்லு செய்தவர்களுக்கே அதிகம் கடன்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

2013-இல் அறிமுகமான 'பிரைட்கிளவுட்' என்னும் சாதனத்தில் இவ்வளவும் 55 மில்லிமீட்டர் விட்டமுள்ள குப்பியொன்றில் அடங்கி, விமானத்திலிருந்து வெளியே எறியப்படுகிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பெற்ற துடிப்பைத் தாமதித்துத் திருப்பும் பெட்டி, உண்மை விமானத்துக்குப் பின்னால்தான் பொய்யுருவை நிறுத்த முடியும். முன்னால் நிறுத்துவதற்கு அடுத்த துடிப்பின் வடிவத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவ்வடிவத்தைத் துடிப்புக்குத் துடிப்பு மாற்றும் ரேடாரிடம் இது பலிப்பதில்லை.