கணக்கில் வராத தாய்மார்

பிள்ளை பெற்ற பெண்ணிடம், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று ஒரு நாடு எப்போது கேட்கக் கற்றுக்கொண்டது? எவரிடம் கேட்டது, எவரை விட்டது? அந்நாட்டின் வரலாற்றை இவ்வினாக்களிலிருந்தும் எழுதலாம்.

இலங்கையில் பிறப்பு இறப்புகளைப் பதியும் சட்டம் 1867இல் வந்தது. சாவை எண்ண அது உதவிற்று. தாயின் சொல்லைக் கேட்க அதில் இடமில்லை. 1926இல் றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய பின்னரே, மருத்துவமாது வீடுதேடிச் சென்று கர்ப்பவதிகளைக் கண்டு எழுதும் முறை வேரூன்றியது. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2016ஆம் ஆண்டின் ஆய்வில் இத்தொகை ஏறத்தாழப் பத்து. இலவச வைத்தியமும் பெண்கல்வியும் மருத்துவமாதரின் ஓயாத உழைப்பும் ஈட்டிய வெற்றி இது.

ஆயின், இவ்வெற்றியை உரைக்கும் ஏடுகளில் நமது பொத்துவில் எங்கே? கர்ப்பகாலக் கவனிப்பு, பிரசவம் நிகழ்ந்த இடம், பாலூட்டல், தடுப்பூசி ஆகியவற்றைத் தாய்மாரிடமே வினவி எழுதிய குடித்தொகை சுகாதார ஆய்வு 1987இல் நடைபெற்றது. போர்ச்சூழலால் வடக்கும் கிழக்குக் கரையோரமும் அதில் சேரவில்லை. 1993இலும் வடகிழக்கு விடுபட்டது. 2006-07 ஆய்வில் கிழக்கு இடம்பெற்றது. நாட்டின் 25 மாவட்டங்களையும் 2016ஆம் ஆண்டு ஆய்வே தழுவியது.

இது வெறும் காலதாமதமன்று. பேற்றுக் கவனிப்புப் பற்றிய வினாக்கள் பெரும்பாலும் முந்திய ஐந்தாண்டுப் பிரசவங்களையே தொடுவன. எனவே 1987இல் மகவீன்ற பெண்ணிடம் 2006இல் வந்தவர் அக்கதையைக் கேட்கப்போவதில்லை. வீதி அடைபட்ட இரவில் நோவெடுத்தவள் வைத்தியசாலையை எவ்வாறு அடைந்தாள்? அடையாதவளுக்குக் கைகொடுத்தவர் யார்? போர் மூண்ட நிலங்களை விலக்கிக் கண்ட சராசரி, நாட்டின் சராசரியாகுமா?

நாம் வகுப்பறையில் மன்னர்களின் ஆண்டுகளை மனனம் செய்விக்கிறோம். அவ்வகுப்பிலிருக்கும் மாணவியின் உம்மம்மாவோ, எந்த ஏட்டிலும் ஏறாத வரலாற்றை நெஞ்சில் சுமந்து திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். அரசு கேட்கத் தவறியதை நம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அவள் இருக்கும்போதே எழுதட்டும்.