கோட்டையும் புறக்கோட்டையும்: கொழும்பு மாநகரிற் பழைய கட்டடங்களின் மறுவாழ்வு

கொழும்பு மாநகரின் நடுவே கோட்டை என்றொரு பகுதி உண்டு. ஆனால் அங்கே கோட்டை இல்லை. மதில் இடிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் புகையிரதத்தில் வருவோர் இன்றும் கோட்டை நிலையத்திலேயே இறங்குகின்றனர். அந்நிலையந்தானும் பழைய மதிலுக்குப் புறத்தே, புறக்கோட்டையில் அமைந்ததென்பது வேடிக்கையே. ஒல்லாந்தர் கொம்பனி மறைந்தபின்னும் கொம்பனித்தெரு மறையவில்லை. கறுவாத்தோட்டத்திலே இன்று மாளிகைகளும் தூதரகங்களும் நிற்கின்றன. இவ்வாறு, தொழில் முடிந்த பெயர்களை இந்நகரம் வீசியெறியாது வைத்துக்கொண்டது. தொழில் முடிந்த கட்டடங்களை அது என்ன செய்தது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

பழையதைப் புதுப்பித்தல் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது கோயிற்றிருப்பணியே. கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பிய சிவன் கோயிலை, அவர் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதும் கருங்கல்லாற் புதிதாக அமைத்தார். அங்கே கல் மாறியது; கருமம் மாறவில்லை. நாம் இங்கு நோக்கவிருப்பதோ இதன் மறுதலை: கல் நிற்க, கருமம் மாறுவது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் கொழும்பின் வரலாற்றைப் பிழையாகவே படிப்பர்.

போர்த்துக்கேயர் வளர்த்த கொழும்பு, நெடுங்கால முற்றுகையின் பின்னர் 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பட்டது. வென்றவர் அந்நகர் முழுவதையும் காக்க விரும்பவில்லை. மேற்குப் பகுதியை மட்டும் அரணிட்டுக் கோட்டையாகக் கொண்டனர். கிழக்குப் பகுதியைப் பழைய நகர் எனப் பெயரிட்டு மதிலுக்கு வெளியே விட்டனர். அதுவே நமது புறக்கோட்டை. கோட்டைக்குள் அவர்கள் அமைத்தவற்றுள் இன்றும் நிற்பவை மிகச் சில. அவற்றுள் முதன்மையானது ஒல்லாந்தர் ஆசுப்பத்திரி. அது எவ்வாண்டிற் கட்டப்பட்டதென்பதற்குச் சான்றில்லை. 1681இல் அது இருந்தது என்பதே உறுதி. கொம்பனியின் கப்பல்களில் நெடுங்கடல் தாண்டி வந்த மாலுமிகளும் போர்வீரரும் பெரும்பாலும் நோயாளராகவே கரையிறங்கினர். ஆகவே துறைமுகத்துக்கு அணித்தாகவே வைத்தியசாலையை அமைத்தனர்.

அக்கட்டடத்தின் அமைப்பை ஊன்றி நோக்குதல் தகும். ஐந்து நீள் பகுதிகள், அவற்றிடையே இரு முற்றங்கள், ஏறத்தாழ அரை மீற்றர் பருமனான சுவர்கள், தேக்கு உத்திரங்கள், ஓட்டுக் கூரை, முற்றத்தை நோக்கிய நீண்ட விறாந்தைகள். வெயிலும் மாரியும் மிகுந்த நாட்டிலே நோயாளர்க்குக் காற்றும் நிழலும் வேண்டுமென்று அமைத்த இவ்வமைப்பு எத்தொழிலையும் ஏற்கவல்லது என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. விறாந்தையை நோக்கித் திறக்கும் அறைகளின் வரிசையிலே கட்டிலும் இடலாம், மேசையும் இடலாம், மருந்துப் பெட்டியும் அடுக்கலாம். பிற்காலத்தில் அங்கே கொழும்பு அப்போதிக்கரீசு வணிக நிறுவனம் இருந்தது. 1980களிலிருந்து கோட்டைப் பொலிசு நிலையம் இருந்தது. ஒரு கட்டடம் நெடுங்காலம் நிலைத்தற்கு அதன் அழகு காரணமாதல் அரிது. எளிதில் வேறு தொழிலுக்கு இசைவதே பெரும்பாலும் காரணம்.

1796இல் கொழும்பைப் பெற்ற ஆங்கிலேயர் இவ்விசைவை நன்கு பயன்படுத்தினர். ஒல்லாந்தத் தேசாதிபதியின் வாசத்தலத்துப் பெருமண்டபம் படையினர்க்குரிய தேவாலயமாயிற்று. 1821இல் கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்க மேற்றிராணியார் மிடில்டன் அதனை அர்ச்சித்தார். அதுவே புனித பேதுரு தேவாலயம். விருந்துண்ட மண்டபம் வேதம் ஓதும் மண்டபமானதையிட்டு அன்று எவரும் வியந்ததாகத் தோன்றவில்லை. பருத்த சுவரை இடிக்கவும் புதிது கட்டவும் பணம் வேண்டும். இருப்பதைத் திருத்திக்கொள்ளச் சிறிதே போதும். பழமையைக் காக்கும் ஆர்வமன்று, சிக்கனமே அன்று பழமையைக் காத்தது.

அத்தகைய கட்டடங்களுட் பல அரசாங்கக் கந்தோர்களாயின. கந்தோர் என்னும் சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து நாம் பெற்றது. அவர்கள் சென்றபின் அவர்தம் சுவர்களில் ஆங்கிலேயர் குடியேறினர். அவர்தம் சொல்லையோ தமிழர் தம் வழக்கில் வைத்து ஆங்கிலேயரின் அலுவலகங்களுக்கே பெயராக வழங்கினர்.

மதிலுக்கு மட்டும் வேறு தொழில் கிடைக்கவில்லை. 1869ஆம் ஆண்டளவில் அதனை இடிக்கத் தொடங்கினர். சுயெசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. கோப்பி வணிகம் பெருகியிருந்தது. கப்பல்களுக்குக் காலியிலும் பாதுகாப்பான துறை வேண்டியிருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். பத்தாண்டில் அது நிறைவெய்தியது. போர்க்கோட்டை வணிகக்கோட்டை ஆயிற்று. படைவீரர் தங்கிய மனையொன்று அதே 1875இல் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டமை இம்மாற்றத்தை ஒரே கட்டடத்திற் காட்டுகிறது. துவக்கேந்தியோர் உறங்கிய இடத்திலே பிரயாணிகள் உறங்கலாயினர்.

புறக்கோட்டையின் கதை சற்று வேறு. பிரின்ஸ் வீதியில் வரிசையான தூண்களோடு விளங்கும் மாளிகை, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேசாதிபதி தோமசு வான் றீயின் இல்லமாக இருந்தது. அவர்க்குப் பின் கல்வி நிலையமாகவும், படையினர் இடமாகவும், இறுதியிற் புறக்கோட்டைத் தபாற் கந்தோராகவும் அது பயன்பட்டது. 1970களிற் பழுதுற்று இடிபாட்டை எதிர்நோக்கிய வேளையில், அதனைக் காக்கவேண்டுமென்று குரல் எழுந்தது. நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டு 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கொழும்பிலே ஒரு பழைய கட்டடம், சிக்கனம் கருதியன்றி வரலாறு கருதியே காக்கப்பட்டமைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டை யான் அறியேன். சுற்றிலும் துணிக்கடையும் சில்லறைக் கடையும் இரைச்சலும் சூழ, நடுவே ஒரு முற்றமும் கிணறும்! அயலிலுள்ள 1873ஆம் ஆண்டின் பழைய நகரமண்டபம் அவ்வளவு பேறு பெறவில்லை. 1928இல் மாநகரசபை கறுவாத்தோட்டப் பக்கம் புதுமனை புகுந்தபின், அது சந்தைக்கு இடமளித்தது. பின்னர் மாநகரசபையின் பழம்பொருட் காட்சியிடமாயிற்று.

ஆட்சிமன்றங்களும் இவ்வாறே வீடு மாறின. சட்டநிரூபண சபை 1930 வரை கூடிய கோட்டைக் கட்டடம், 1947 முதல் 1971 வரை மூதவையின் இருப்பிடமாகிப் பின் வெளிநாட்டமைச்சுக்குரியதாயிற்று. 1930இற் காலிமுகத்திடலின் அருகே திறக்கப்பட்ட தூண்வரிசை மாளிகையிலே அரசாங்க சபையும், பிரதிநிதிகள் சபையும், தேசிய அரசுப் பேரவையும், பாராளுமன்றமும் அடுத்தடுத்துக் கூடின. சோல்பரி அரசியல் யாப்பு வருமுன்னர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவம் கோரியதும், 1956இல் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியதும் அம்மண்டபத்திலேயே. 1982இற் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேக்குப் பெயர்ந்தபின், அம்மாளிகை ஜனாதிபதி செயலகமாயிற்று. விவாதிக்கும் மன்றத்தின் வீடு ஆணையிடும் அலுவலகத்தின் வீடானதை வெறும் இடமாற்றமெனக் கொள்ளலாமோ? 2022ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், மாதக்கணக்காகத் திடலிற் கூடியிருந்த மக்கள் அதன் படிகளில் ஏறி உள்ளே புகுந்தபோது, அவர்கள் ஏறிய படிகள் முன்னர் மக்கட் பிரதிநிதிகள் ஏறிய படிகளே.

இனி, அண்மைக்காலத்துக்கு வருவோம். உள்நாட்டுப் போர் கோட்டைப் பகுதியை வறிதாக்கியது. 1996ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்தபோது 90க்கு மேற்பட்டோர் மாண்டனர். அயலிலிருந்த ஒல்லாந்தர் ஆசுப்பத்திரியும் சேதமுற்றது. வீதிகள் அடைக்கப்பட்டன. கடைகளும் கந்தோர்களும் வேறிடம் நாடின. சனாதிபதி மாளிகைக்கு எதிரே 1895இல் எழுந்த பிரதான தபாற் கந்தோர்க் கட்டடமும், பாதுகாப்புக் காரணத்தால் தன் தொழிலை 2000ஆம் ஆண்டளவில் இழந்தது. ஆனால் கசப்பான ஓர் உண்மையையும் கூறவேண்டும். மற்றைய ஆசிய நகரங்களிற் பழைய தெருக்களை விழுங்கிய கட்டட வேகம், அவ்வாண்டுகளிற் கோட்டையைப் பெரிதும் தீண்டவில்லை. மக்களை அழித்த போர், முதலீட்டாளரை அச்சுறுத்தியமையாற் சில சுவர்களை விட்டுவைத்தது.

2009இற் போர் முடிந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, 2010இற் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. 2011 டிசெம்பரில் ஒல்லாந்தர் ஆசுப்பத்திரி திருத்தப்பட்டு உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. 2014இல், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மனநோயாளர் வைத்தியசாலையாகக் கட்டப்பட்டுப் பின்பு கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் இருந்த கறுவாத்தோட்டக் கட்டடமும் அவ்வாறே கடைத்தொகுதியாயிற்று. வேலைப்பாட்டைக் குறைகூறல் நியாயமன்று. சிதைந்த கூரை செப்பமாயிற்று. மறைந்த விறாந்தைகள் வெளிப்பட்டன. முன்னர் அலுவல் உள்ளோரே நுழைந்த முற்றத்தில் எவரும் உலாவலாம். ஆயினும் வினாவொன்று எஞ்சுகிறது. தேவாலயம், ஹோட்டல், தபாற் கந்தோர், பொலிசு நிலையம், நூதனசாலை என முன்னோர் பல தொழில்களைப் பழைய சுவர்க்குள் இட்டனர். இக்காலத்தார் அறிந்த தொழில் பெரும்பாலும் ஒன்றே: உண்பதும் வாங்குவதும். முற்றத்துக்குட் செல்லக் கட்டணமில்லை. அங்கே அமரவோ பணப்பை வேண்டும். ஒரு வாசிகசாலைக்கோ ஏட்டுச்சுவடிக் காப்பகத்துக்கோ அவ்விறாந்தைகளுள் ஒன்று கிடைத்திருப்பின் என்ன குறைந்திருக்கும்?

இதனிலும் பாரிய குறை வேறிடத்திலுள்ளது. மாளிகைகள் திருத்தப்பட்ட அதே ஆண்டுகளிற் குடிமனைகள் இடிக்கப்பட்டன. 2010 மே மாதத்திற் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் தகர்க்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் நகரப் புத்துருவாக்கம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. கொம்பனித்தெருவிலே தமிழரும், மலாயரும், சோனகரும், சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகளும் பழைய கடைவரிசைகளும் புதிய கோபுரங்களுக்கு இடங்கொடுத்தன. சிறு வீடுகள் நெருக்கமாயிருந்தன. சுகாதார வசதி குறைந்திருந்தது. சில குடும்பங்கள் மாடியிலே நல்ல நீரும் கூரையும் பெற்றன. இவற்றை மறுப்பாரில்லை. ஆயினும் ஒழுங்கைத் திண்ணையில் நடந்த கைத்தொழிலும், அயலார் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வழக்கமும் மாடிக்கு ஏறுவனவல்ல.

இவ்விடத்திலே பத்ரிக் கெடிசு என்னும் இசுக்கொத்திலாந்து அறிஞரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவர் 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்தபோது, தஞ்சாவூரிலும் மதுரையிலும் நெருங்கிய தெருக்களை ஊடறுத்து நேர்வீதி வெட்டும் திட்டங்களை எதிர்த்தார். அழிந்த சில வீடுகளை மட்டும் அகற்றுக, அவ்விடத்தை முற்றமாக்குக, மரம் நடுக, எஞ்சிய வீடுகளையும் குடிகளையும் அங்கேயே இருக்க விடுக என்பதே அவர் முறையின் சாரம். உறுப்பை அரியாது நோயைக் களையும் சத்திரவைத்தியம் எனலாம். அவரே கொழும்புக்கும் வந்து 1921இல் நகர அமைப்பு அறிக்கையொன்று அளித்தார். தஞ்சாவூர் ஒழுங்கைகளுக்கு அவர் காட்டிய பொறுமையிற் சிறிதளவேனும் கொம்பனித்தெரு ஒழுங்கைகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

சட்டமும் இங்கே பெரிதும் துணைசெய்வதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்டவையே இயல்பாகத் தொல்பொருளெனக் கொள்ளப்படும். அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர்க்கு உரியதென ஒப்பந்தம் எழுதப்பட்ட நாள். அரசியல் வரலாற்றுக்கு அது தக்க எல்லை. கொழும்பின் கட்டட வரலாற்றுக்கோ தகாத எல்லை. கோட்டையில் இன்று நிற்பவற்றுட் பெரும்பாலானவை அந்நாளுக்குப் பிந்தியவை. அவற்றுக்குக் காவல் வேண்டின் ஒவ்வொன்றும் தனித்தனியே வர்த்தமானியில் அறிவிக்கப்படவேண்டும். பெரிய தூண்களுடையவை அறிவிக்கப்படும். புறக்கோட்டைக் குறுக்குத்தெருக்களிலே கீழே கடையும் மேலே மர விறாந்தையுமாக நிற்கும் பெயரற்ற கட்டடங்களுக்காக வாதாடுவார் யார்? அவற்றின் உறுதிகளும், வாடகைச் சீட்டுகளும், பழைய புகைப்படங்களும் வணிகக் குடும்பங்களின் பெட்டகங்களிற் கிடக்கின்றன. அவற்றுட் பல தமிழில் எழுதப்பட்டவை. செட்டியார் தெருவிலிருந்து தொடங்கி, வீதி வீதியாகக் கட்டடத்தின் அளவு, கட்டிய காலம், இருந்தோர் தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் பணி, அளவுநாடாவும் பொறுமையும் உள்ள உயர்வகுப்பு மாணவர் சிலரால் ஒரு விடுமுறையிலேயே தொடங்கத்தக்கது.