அடி காத்த குடிகள்

முன்னுரை

திருவண்ணாமலைக்கு வழிபட வருவோர் முதலில் கழற்றி வைப்பது காலணியைத்தான். 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையை அடியார் வெறுங்காலுடனே நடந்து முடிக்கின்றனர். காலணியைத் துறந்து நடப்பது இங்கு அன்பின் அடையாளம். ஆயின், ஒன்றைத் துறப்பதற்கு முதலில் அதனை உடைமையாகக் கொண்டிருத்தல் வேண்டும். காலணியைத் தைத்தும் அதனை அணியும் உரிமை பெறாத குடிகள் இம்மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்தன. கடல்கடந்த நாடொன்றிலோ, செருப்புத் தைத்த குடும்பமொன்று அதே தொழிலால் உலகறிந்த வணிகக் குடியாயிற்று. அக்குடும்பத்தின் பெயர் நம் இல்லங்களிலும் வழங்குகிறது. பரம்பரைத் தொழில் ஓரிடத்தில் ஏணியாகவும் மற்றோரிடத்தில் தளையாகவும் அமைந்த வரலாற்றை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

இலக்கியத்தில் காலணி

பழந்தமிழ் இலக்கியம் காலணியை இழிபொருளாகக் காட்டவில்லை. பெரும்பாணாற்றுப்படை, ஆயனின் காலில் 'தொடுதோல்' அழுந்திய தழும்பைக் காட்டுகிறது. காட்டுவழி செல்லும் வணிகரின் காலணியை 'அடிபுதை அரணம்' எனச் சிறப்பிக்கிறது. உழைப்பவன் காலுக்கும் வழிநடப்பவன் காலுக்கும் காவலாவது என்பதே அச்சொற்களின் கருத்து. பிற்காலத்தில் சேக்கிழார் பாடிய கண்ணப்பர், இறைவன் திருமுடியிலிருந்த மலரைச் செருப்பணிந்த காலாலேயே அகற்றுகிறார். அச்செயலை அன்பின் உச்சமாகவே பெரியபுராணம் போற்றுகிறது. ஏட்டில் இவ்வாறு இடம்பெற்ற காலணி, ஊர்த்தெருவில் சாதியின் அளவுகோலாக மாறியது நம் சமூக வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

வடார்க்காட்டுத் தோல்

1989 செப்டம்பர் வரை திருவண்ணாமலை வடார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்டம் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றது. ஆவாரம்பட்டையும் சவ்வாது மலைக் கடுக்காயும் தோலைப் பதப்படுத்தப் பயன்பட்டன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் வணிகம் குடும்பங்களின் வழியாகவே வளர்ந்து, கடல்கடந்த சந்தைகளை எட்டியது.

சிற்றூர்களின் நிலை வேறு. கிணற்றிலிருந்து கவலை இறைப்பதற்குரிய தோற்பை, மாட்டுக்குரிய வார், உழவனுக்குரிய செருப்பு ஆகியவற்றை ஊர்த் தோல்தொழிலாளியே செய்து கொடுத்தார். அதற்குக் கைம்மாறாக அறுவடைக் களத்தில் தானியம் மேரையாகக் கிடைத்தது. தந்தைக்குப்பின் மகன் அதே ஊருக்கு அதே பணியைச் செய்தார். அவர் தைத்த செருப்பை ஊரார் அணிந்தனர். அவரோ மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது. அணிந்து வந்தாலும் கழற்றிக் கையில் ஏந்திச் செல்ல வேண்டும். அக்குடும்பத்திற்குத் தொழில் முதுசொமாக வந்தது. அதனோடு தடையும் சேர்ந்தே வந்தது.

ஸ்லின் நகரத்துக் குடும்பம்

இன்றைய செக் குடியரசில் ஸ்லின் என்பது ஒரு நகரம். அங்குப் பல தலைமுறைகளாகக் காலணி தைத்துவந்த குடும்பத்தில் 1876இல் தோமாஷ் பாட்டா பிறந்தார். 1894இல் அவரும் அண்ணன் அந்தோனின், அக்காள் அன்னா ஆகியோரும் சேர்ந்து ஒரு காலணி நிறுவனத்தைத் தொடங்கினர். தாய்வழி வந்த பணமே முதலாயிற்று. விரைவிலேயே கடன் சூழ்ந்தது. தோல் வாங்கப் பொருள் போதாத நிலையில், துணியால் ஆன எளிய காலணிகளைச் செய்து விற்றுக் கடனைத் தீர்த்தனர். 1904இல் தோமாஷ் அமெரிக்கா சென்று எந்திர உற்பத்தி முறையைக் கற்றுத் திரும்பினார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பொருளியல் நெருக்கடியில், 1922இல், காலணி விலையைப் பாதியாகக் குறைத்தார். விற்பனை பெருகியது.

1931இல் இந்தியாவில் பாட்டா நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு சூலையில் தோமாஷ் வானூர்தி விபத்தில் மறைந்தார். மாற்றாந்தாய் மகனான தம்பி யான் அந்தோனின் பொறுப்பேற்றார். கல்கத்தாவுக்கு அருகில் பாட்டாநகர் 1934இல் உருவாகத் தொடங்கியது. 1939இல் இட்லரின் படை செக் நாட்டைக் கைப்பற்றியபின், தோமாஷின் மகன் கனடாவில் புதிதாகத் தொழில் தொடங்கினார். 1945இல் தாய்நாட்டு ஆலைகள் நாட்டுடைமையாயின. சிற்றப்பனுக்கும் மகனுக்கும் இடையே உரிமை குறித்து நெடிய வழக்கும் நடந்தது. ஊரை இழந்தும், சொத்தை இழந்தும், உறவில் பிளவுண்டும் அக்குடும்பம் தொழிலை இழக்கவில்லை. ஏனெனில், செருப்புத் தைப்பவர் மகன் என்பதற்காக அவர்களை எத்தெருவும் தடுக்கவில்லை. கடன் கேட்கவும் கடை திறக்கவும் அவர்களுக்கு வழியிருந்தது.

நம் கடைத்தெரு

பாட்டாவின் வருகை நம் கடைத்தெருக்களின் இயல்பை மாற்றியது. முன்னர், தாளின்மீது காலை வைக்கச் செய்து கோடு வரைந்து அளவெடுத்தனர். ஒவ்வொரு காலுக்கும் தனிச்செருப்பு உருவாயிற்று. ஆலைக் காலணி எண்களோடு வந்தது. ஆங்கில அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. ஒன்பதில் முடியும் விலைக்குப் 'பாட்டா விலை' என்றே பெயர் வந்தது. ஈழத் தமிழர் பேச்சில் 'பாட்டா' என்றாலே ரப்பர்ச் செருப்பு என்று பொருளாயிற்று.

மலிவான ரப்பர்ச் செருப்பு ஏழையின் காலுக்கும் எட்டியது. அது பெரும் நன்மை. அதே காலத்தில் மின்னிறைப்பான்கள் பரவக் கவலையும் அதன் தோற்பையும் மறைந்தன. ஊர்த் தோல்தொழிலாளி இரு பக்கமும் வாழ்வை இழந்தார். புதிய செருப்புக் கடை வைக்க முதலும், கடைத்தெருவில் இடமும், கடன் தருவாரும் வேண்டும். அவை உடையோர் கடைக்குள் அமர்ந்து அதனைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றனர். தைக்கத் தெரிந்தவர் பலர் மரநிழலில் அமர்ந்து அறுந்த வாரைத் தைத்தனர். கைத்திறன் ஒருவரிடமும் கடை மற்றொருவரிடமும் நின்றன.

சட்டமும் காலணியும்

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. பின்னதற்கு 2015இல் செய்யப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஊன்றி நோக்கத்தக்கது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுவிடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதை அது வெளிப்படையாகக் குற்றமெனக் குறிக்கிறது. குடியரசு மலர்ந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் 'காலணி' என்னும் சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்பதே அத்தடை எவ்வளவு வேரூன்றியது என்பதற்குச் சான்றாகும். தமிழகத்தில் 2009இல் அருந்ததியர்க்கு வழங்கப்பட்ட மூன்று விழுக்காட்டு உள் ஒதுக்கீடு, அக்குடிகளின் பிள்ளைகளுக்குத் தந்தை தொழிலன்றி வேறு வழிகளும் உண்டு என்பதை உறுதிப்படுத்தியது.

முடிவுரை

இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் உலகச் சந்தைக்குரிய விளையாட்டுக் காலணிகள் உருவாகின்றன. சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பெண்கள் பெருந்தொகையினராக அங்குப் பணிபுரிகின்றனர். காலணி செய்தல் அவர்களுக்குக் குலத்தொழிலன்று. மாத ஊதியம் தரும் வேலை. பல சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்து காலணி செய்வது இம்மாவட்டம் முன்பு கண்டறியாத மாற்றமாகும். ஆயினும் தைக்கும் கைக்குக் கடையும் உரிமையாகும் நாளே இவ்வரலாற்றின் நிறைவாகும்.

மலைவலம் முடித்த அடியார் தத்தம் காலணியைத் தேடி அணிந்து வீடு திரும்புகின்றனர். அவருள் எவரும் எத்தெருவிலும் மீண்டும் அதனைக் கழற்ற வேண்டாத நிலை உறுதியாதல் வேண்டும். அண்ணாமலையில் வெறுங்காலுடன் நடப்பது அப்போதுதான் அனைவர்க்கும் விரும்பி ஏற்ற நோன்பாகும்.